ஒட்டுத்துணி வேலையில் காகிதத்தின் பங்கும் வண்ணத்தின் கணக்கும்

வீட்டில் பல வண்ணத் துணித்துண்டுகள் சேர்ந்துவிட்டன, தையல் இயந்திரத்தில் நேர்த்தையல் போட வரும், ஆனால் காகிதம் வைத்துத் தைப்பதில் இரண்டு முறைகள் இருக்கின்றனவே, எதில் தொடங்குவது என்பது உங்கள் முதல் கேள்வி. சதுரங்களைச் சேர்த்துத் தைத்தால் மூலைகள் சந்திப்பதில்லை என்பது இரண்டாவது. எத்தனை வண்ணங்களைச் சேர்த்தாலும் முடிவில் எல்லாம் கலங்கலாகவே தெரிகிறது என்பது மூன்றாவது. இரண்டாவது கேள்விக்கான விடையிலிருந்து தொடங்குகிறேன். ஏனெனில் மூலைகள் ஏன் விலகுகின்றன என்பது தெரிந்துவிட்டால், காகிதம் எதற்காக இந்த வேலைக்குள் வந்தது என்பதும் தானாகவே விளங்கிவிடும்.

துணித்துண்டுகளை வடிவமாகச் சேர்ப்பது பேட்ச்வொர்க். அப்படிச் சேர்த்த மேல்துணி, நடுவே ஒரு பஞ்சு விரிப்பு, அடியில் ஒரு முழுத்துணி என்று மூன்று அடுக்குகளையும் ஊடுருவித் தைத்து ஒன்றாக்கினால் அது குயில்ட். இந்த வேலையில் தையலுக்கு விடும் இடம் எப்போதும் கால் அங்குலம்தான், அதாவது சுமார் 6 மில்லிமீட்டர். உடை தைத்துப் பழகியவர்களுக்கு இது மிகக் குறுகலாகத் தோன்றும். உடையில் அரை அங்குலமோ முக்கால் அங்குலமோ விட்டுத் தைத்தபின் உடம்புக்கேற்பச் சற்று இறக்கிக்கொள்ளலாம் என்பதால், அங்கே சிறு பிழை பெரிதாகத் தெரிவதில்லை. இங்கே அப்படி முடியாது. தையல் 1/16 அங்குலம் உள்ளே போய்விட்டால், இணையும் இரண்டு துண்டுகளிலும் அந்த அளவு குறைகிறது; ஆகவே ஒரு தையலுக்கு 1/8 அங்குலம் குறைகிறது. ஒன்பது சதுரங்களைக் கொண்ட ஒரு வரிசையில் எட்டுத் தையல்கள் இருக்கும். அந்த வரிசை முழுவதுமாக ஒரு அங்குலம் சுருங்கிப்போகும். பக்கத்து வரிசையில் தையல்கள் வேறு அளவில் தவறியிருந்தால், இரண்டு வரிசைகளின் மூலைகள் சந்திக்க வழியே இல்லை.

உங்கள் இயந்திரம் உண்மையில் எவ்வளவு விடுகிறது என்பதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை உண்டு. ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று பட்டைகளை வெட்டி, அடுத்தடுத்துச் சேர்த்துத் தைத்து, இஸ்திரி போட்டபின் நடுப்பட்டையை அளந்து பாருங்கள். அது சரியாக ஒரு அங்குலம் இருக்க வேண்டும். பெரும்பாலும் சற்றுக் குறைவாகவே இருக்கும், ஏனெனில் துணியை மடித்துத் திருப்பும் இடத்தில் ஓரிரு இழைகளின் அகலம் மடிப்பிற்குள் போய்விடுகிறது. ஆகவே கால் அங்குலத்திற்கு ஒரு நூலிழை குறைவாகத் தைக்கப் பழகிக்கொள்ள வேண்டும். ஊசியிலிருந்து அந்த அளவு தள்ளி, இயந்திரத்தின் தட்டில் தடிமனான ஒட்டுநாடாவை இரண்டு மூன்று அடுக்காக ஒட்டிவிட்டால், துணியின் ஓரம் அதில் உரசிக்கொண்டு நேராகப் போகும். இதற்கென்று தனி உபகரணம் எதுவும் தேவையில்லை.

அளவு சரியாக இருந்தும் மூலை விலகுகிறதென்றால், துணி வெட்டப்பட்ட திசையைக் கவனிக்க வேண்டும். நெய்த துணி அதன் பாவு நூல், அதாவது நீளவாக்கு நூல், ஓடும் திசையில் ஏறக்குறைய நீள்வதே இல்லை. குறுக்கே ஓடும் ஊடை நூலின் திசையில் சிறிது நீளும். தையல்காரர்கள் ‘கிராஸ்’ என்று சொல்லும் 45 பாகைச் சாய்வில் ரப்பர் போல இழுபடும். ஒரு சதுரத்தை மூலைவிட்டமாக வெட்டியவுடன் கிடைக்கும் முக்கோணத்தின் நீண்ட பக்கம் முழுவதும் கிராஸ்தான். அதைத் தைக்கும்போது கை சற்று இழுத்தாலும், இஸ்திரிப் பெட்டியை முன்னும் பின்னும் தேய்த்தாலும், அது அலை அலையாகி நீண்டுவிடும். எனவேதான் முக்கோணங்களை வெட்டிவிட்டுத் தைப்பதைவிட, தைத்துவிட்டு வெட்டுவது நல்லது. வெளிர் சதுரம் ஒன்றையும் அடர் சதுரம் ஒன்றையும் நல்ல பக்கங்கள், அதாவது வெளியே தெரிய வேண்டிய பக்கங்கள், உள்ளே வருமாறு வைத்து, மூலைவிட்டக் கோட்டின் இருபுறமும் கால் அங்குலம் தள்ளி இரண்டு தையல் போட்டு, பிறகு கோட்டின் மேல் வெட்டினால் இரண்டு முக்கோணச் சதுரங்கள் ஒரே நேரத்தில் கிடைக்கும். தைத்து முடிந்தபின் வேண்டிய அளவோடு 7/8 அங்குலம் கூட்டிச் சதுரம் வெட்ட வேண்டும் என்பது கணக்கு. நான் ஒரு முழு அங்குலம் கூட்டி வெட்டி, தைத்தபின் ஓரங்களைச் சீராகக் கத்தரித்துவிடுகிறேன். அந்த 1/8 அங்குலத் துணி வீணாகிறதே என்று சிக்கனம் பார்த்தவர்கள் பின்னால் தையலைப் பிரிப்பதில் அதைவிட அதிக நூலையும் பொறுமையையும் செலவழிப்பதைக் கண்டிருக்கிறேன்.

துணிக்கு இழுபடும் குணம் இருக்கிறது, வடிவத்திற்கு இம்மி பிசகாத அளவு வேண்டியிருக்கிறது. காகிதம் இழுபடாது என்பதால், தைக்கும் வரை துணியை அதன் அளவுக்குள் நிறுத்திவைக்க அதைப் பயன்படுத்தலாம் என்பதே இரண்டு காகித முறைகளுக்கும் அடிப்படை. ஆனால் இரண்டும் காகிதத்தை வெவ்வேறு விதமாகப் பயன்படுத்துகின்றன. முதல் முறையில் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு காகிதம். துணி அதன்மேல் போர்த்தப்படுகிறது. வேலை முழுவதும் கைத்தையல். இரண்டாவது முறையில் ஒரு முழு வடிவத்திற்கும் ஒரே காகிதம். அதில் அச்சிட்ட கோடுகளின் மேலேயே இயந்திரம் தைத்துக்கொண்டு போகிறது. முதல் முறையை ஆங்கிலக் காகிதத் தையல் என்றும், இரண்டாவதை அடித்தளக் காகிதத் தையல் என்றும் அழைக்கிறார்கள். உங்களுக்கு ஏற்பட்ட குழப்பம், இரண்டையும் ‘பேப்பர் பீசிங்’ என்று ஒரே பெயரால் சொல்வதால் வந்தது.

ஆங்கிலக் காகிதத் தையல் பழமையானது. பிரிட்டனில் ஆண்டு குறிக்கப்பட்டுக் கிடைத்திருக்கும் ஒட்டுத்துணி வேலைகளில் மிகப் பழையது, 1718 என்ற ஆண்டைத் தன்மேலேயே தாங்கியிருக்கும் ஒரு பட்டு விரிப்பு. அது காகித அச்சுகளின் மேல் தைக்கப்பட்டது. இன்று நாம் செய்யும் முறையும் பெரிதாக மாறிவிடவில்லை. அறுகோணத்தை எடுத்துக்கொள்வோம், ஏனெனில் அதுதான் இந்த முறைக்கே பிறந்தது போன்ற வடிவம். மூன்று அறுகோணங்கள் சந்திக்கும் ஒவ்வொரு புள்ளியிலும் தையல் 120 பாகைக் கோணத்தில் திரும்ப வேண்டும். இயந்திரத்தில் அதைச் செய்யக் கால் அங்குலத்திற்கு முன்பே நிறுத்தி, துணியைத் திருப்பி, மறுபடியும் தொடங்கிப் போராட வேண்டும். கையில் ஊசி இருந்தால் அது ஒரு விஷயமே இல்லை.

‘ஒரு அங்குல அறுகோணம்’ என்றால் அதன் ஒரு பக்கத்தின் நீளம் ஒரு அங்குலம் என்று பொருள். எதிரெதிர் முனைகளுக்கு இடையே அது 2 அங்குலமும், எதிரெதிர் பக்கங்களுக்கு இடையே சுமார் 1.73 அங்குலமும் இருக்கும். இரண்டரை அங்குலச் சதுரத் துணி இதற்குப் போதும். அழைப்பிதழ் அட்டை அளவுக்குச் சற்று விறைப்பான காகிதத்தில் அறுகோணங்களை வெட்டுங்கள். இந்த இடத்தில் மட்டும் அவசரம் கூடாது. காகிதம் அரை மில்லிமீட்டர் தவறினால், அந்தத் தவற்றைத் துணி அப்படியே ஏற்றுக்கொள்ளும். துணியின் தவறான பக்கத்தில் காகிதத்தை நடுவே வைத்து, ஓரங்களை ஒவ்வொன்றாக அதன்மேல் மடித்து, மூலைகளில் மடிப்பின் மேல் மடிப்பு விழுமிடத்தில் துணியை மட்டும் பிடித்து இரண்டு முறை ஊசியோட்டி இறுக்கிக்கொண்டே சுற்றி வாருங்கள். காகிதத்தைத் துளைக்காமல் இப்படிச் செய்தால் அதே காகிதத்தைப் பல முறை பயன்படுத்தலாம். மூலையில் போட்ட தையலைப் பின்னால் பிரிக்கவும் வேண்டியதில்லை. சிலர் ஒட்டுப்பசைக் குச்சியால் மடிப்பை ஒட்டிவிடுகிறார்கள். வேகமாகும், ஆனால் பசை ஓரத்துக்கு வந்துவிட்டால் ஊசி ஏறாது.

இப்படித் தயாரான இரண்டு அறுகோணங்களை நல்ல பக்கங்கள் உள்ளே வருமாறு பொருத்தி, மடிப்பின் விளிம்பில் ஓரிரு இழைகளை மட்டும் பிடித்துச் சுற்றித் தைக்க வேண்டும். அங்குலத்திற்குப் பதினாறு முதல் இருபது தையல் இருக்கலாம். ஊசி காகிதத்தைத் தொட்டால் மெல்லிய தடை தெரியும்; அந்தத் தடை தெரிந்தவுடன் சற்று மேலே வந்துவிட வேண்டும். நூல் மெல்லியதாகவும் நடுத்தரச் சாம்பல் நிறத்திலும் இருந்தால் பெரும்பாலான வண்ணங்களுக்கிடையே மறைந்துவிடும். ஊசிகளில் 10 அல்லது 11 எண்ணுள்ள மெல்லிய கைத்தையல் ஊசியைப் பயன்படுத்துங்கள். கை ஊசியில் எண் கூடக்கூட ஊசி மெல்லியதாகும், இயந்திர ஊசியில் எண் கூடக்கூட ஊசி தடிக்கும். இதை மாற்றிப் புரிந்துகொண்டு வாங்கி வருபவர்கள் நிறைய.

நடுவில் ஒன்று, அதைச் சுற்றி ஆறு, அதைச் சுற்றிப் பன்னிரண்டு, பின் பதினெட்டு என்று அறுகோணப் பூ விரியும். மூன்று சுற்று முடிந்தால் மொத்தம் 37 அறுகோணங்கள், ஏறக்குறைய 12 அங்குலத்துக்கு 11 அங்குலம் அகலமுள்ள ஒரு பூ கிடைத்துவிடும். 16 அங்குல மெத்தைத் தலையணையின் உறையில் ஒற்றை நிறத் துணியின் நடுவே அதை வைத்துத் தைத்தால், முதல் முயற்சியே முழுமையான பொருளாக நிற்கும். ஆறு பக்கமும் தைத்து முடிந்த அறுகோணத்தின் காகிதத்தை மட்டுமே எடுக்க வேண்டும். ஓரத்தில் இருப்பவற்றின் காகிதம், பூவை உறைத்துணியின் மீது தைப்பதற்குச் சற்று முன்புவரை இருக்கட்டும்.

அடித்தளக் காகிதத் தையல் வேறு இயல்புடையது. கூர்மையான முனைகள், மெல்லிய கீற்றுகள், ஒழுங்கற்ற கோணங்கள் ஆகியவற்றைக் கொண்ட நட்சத்திரம், பறவை, வீடு, எழுத்து போன்ற வடிவங்களுக்கு இதைவிடத் துல்லியமான வழி எனக்குத் தெரியாது; தைப்பவருக்கு வேண்டியதெல்லாம் ஒரு கோட்டின் மேல் நேராகத் தைக்கும் பழக்கம் மட்டுமே. ஆனால் முதல் இரண்டு நாட்களுக்கு இது மூளையைத் திருகிவிடும். காரணம், காகிதத்தின் அச்சிட்ட பக்கத்தைப் பார்த்துக்கொண்டு தைக்கிறோம், துணியோ அச்சில்லாத மறுபக்கத்தில் கிடக்கிறது. நாம் காணும் வடிவத்தின் கண்ணாடிப் பிம்பமே துணியில் உருவாகிறது. நான் முதன்முதலில் எழுத்துகளைத் தைத்தபோது ‘ப’ ஒழுங்காக வந்துவிட்டதால் எல்லாம் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அடுத்து ‘ட’ வலப்பக்கம் சுவர் எழுப்பிக்கொண்டு நின்றபோதுதான், இருபுறமும் ஒத்த வடிவம் எதையும் காட்டிக்கொடுக்காது என்பது உறைத்தது. எழுத்தோ, ஒரு பக்கம் பார்க்கும் பறவையோ தைப்பதென்றால் அச்சிடும்போதே இடவலம் மாற்றி அச்சிட வேண்டும்.

அச்சிடுவதில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. பல அச்சு இயந்திரங்கள் தாளுக்குள் அடக்குவதற்காகப் படத்தைத் தாமாகவே சில விழுக்காடு சுருக்கிவிடும். அளவை 100 விழுக்காடு என்று வைத்து அச்சிட்டு, வடிவத்தோடு தரப்படும் ஒரு அங்குலச் சோதனைச் சதுரத்தை அளந்து பார்த்தபிறகே துணியைத் தொடுங்கள். தாள் எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு நல்லது, பின்னால் அதைக் கிழித்தெடுக்க வேண்டும்.

இனி செய்முறை. தாளின் பகுதிகளுக்கு 1, 2, 3 என்று எண் இருக்கும். அந்த வரிசை தையலின் வரிசை. முதல் துணியை அதன் தவறான பக்கம் தாளின் வெறும் பக்கத்தைத் தொடுமாறு வைத்து, வெளிச்சத்தின் முன் தூக்கிப் பிடித்து, அது முதல் பகுதியை எல்லாப் பக்கமும் கால் அங்குலத்திற்குக் குறையாமல் தாண்டி நிற்கிறதா என்று பார்த்துக் குண்டூசியால் நிறுத்துங்கள். 1-க்கும் 2-க்கும் இடையிலுள்ள கோட்டில் தாளை மடித்து, மடிப்பிலிருந்து கால் அங்குலம் தள்ளித் துணியின் மிச்சத்தை நறுக்கிவிடுங்கள். இப்போது துணிக்கு ஒரு நேரான விளிம்பு கிடைத்துவிட்டது. இரண்டாவது துணியை அந்த விளிம்போடு ஒட்டி, நல்ல பக்கமும் நல்ல பக்கமும் சந்திக்க வைத்து, தாளை விரித்துத் திருப்பி, கோட்டின் மேல் தைக்க வேண்டும். கோடு தொடங்குவதற்குச் சற்று முன்பே தொடங்கி, முடிந்தபின் மூன்று நான்கு தையல் தாண்டி நிறுத்துங்கள். துணியை விரித்து இஸ்திரியால் அழுத்திவிட்டு, அடுத்த கோட்டில் மடிப்பு, நறுக்கு, பொருத்து, தையல், அழுத்து என்று இதே சுழற்சி.

தவறுகள் பெரும்பாலும் ஒரே இடத்தில் நேர்கின்றன: தைத்து விரித்த துணி, மூட வேண்டிய பகுதியை முழுவதுமாக மூடாமல் ஒரு மூலையில் ஓட்டை விட்டுவிடும். சாய்வான கோட்டின் மீது துணி புரளும்போது அது எந்தப் பக்கம் சாயும் என்பதைக் கண் தவறாகக் கணித்துவிடுகிறது. அதனால் தைப்பதற்கு முன் கோட்டின் மேலேயே இரண்டு குண்டூசிகளைக் குத்தி, துணியைப் புரட்டிப் பார்த்து, வெளிச்சத்தில் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது. துண்டுகளைத் தாராளமாக, எல்லாப் பக்கமும் அரை அங்குலம் கூடுதலாக வெட்டிக்கொள்வதும் உதவும். இந்த முறை துணியைச் சற்று அதிகமாகவே தின்னும். அதற்காகவே வீட்டில் சேரும் சிறு துண்டுகள் இதற்குப் பொருத்தம்.

தையலின் நீளத்தைச் சாதாரணமாக வைக்கும் 2.5 மில்லிமீட்டரிலிருந்து 1.5 மில்லிமீட்டருக்குக் குறையுங்கள். நெருக்கமான துளைகள் தாளை அஞ்சல்தலையின் ஓரம் போலக் கிழிய வைக்கும். தாளை இழுக்கும்போது தையலும் தளராது. ஊசி 90/14 அளவில் இருந்தால் துளை சற்றுப் பெரிதாகி வேலை இன்னும் எளிதாகும். காகிதம் தைத்த ஊசி விரைவில் மழுங்கிவிடும் என்பதால், அதே ஊசியால் நல்ல துணியைத் தைக்காதீர்கள். நீராவி விட்டு இஸ்திரி போடுவதும் கூடாது. தாள் சுருண்டு அளவு மாறிவிடும், அச்சு மையும் இஸ்திரிப் பெட்டியில் ஒட்டிக்கொள்ளும். முடிந்த சதுரத்தின் தாளை உடனே கிழித்தெறிய வேண்டாம். அதன் ஓரங்களில் கிராஸ் திசைத் துணி இருக்கக்கூடும்; பக்கத்துச் சதுரங்களோடு நான்கு பக்கமும் இணைத்து முடிக்கும்வரை தாள்தான் அதைச் சதுரமாக வைத்திருக்கும்.

இந்த முறைக்கு ஒரு எல்லை உண்டு. ஒவ்வொரு புதிய துண்டும் அதற்கு முன் தைத்த பகுதியின் முழு விளிம்பையும் ஒரே நேர்க்கோட்டில் மூட வேண்டும். அப்படி மூட முடியாத வடிவங்களை இரண்டு மூன்று தனித் தாள்களாகப் பிரித்துத் தைத்துப் பிறகு இணைப்பார்கள். தொடங்குபவர் அத்தகைய வடிவங்களைத் தள்ளிவைத்துவிட்டு, நடுவில் ஒரு சிறு சதுரமும் அதைச் சுற்றிச் சுற்றிப் பட்டைகளுமாக வளரும் ‘மரக்குடில்’ சதுரத்தை எடுத்துக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் ‘லாக் கேபின்’ என்று வழங்குவது இதுதான். எல்லாத் தையலும் நேராக இருக்கும், எண் வரிசை மனத்திலேயே நிற்கும், நீண்ட ஒல்லித் துண்டுகளெல்லாம் செலவாகும். அடுத்துச் சொல்லப்போகும் வண்ணக் கணக்கைப் பழகுவதற்கும் இதைவிட நல்ல பலகை கிடையாது.

மரக்குடில் சதுரத்தில் அடுத்தடுத்த இரண்டு பக்கங்களுக்கு வெளிர் துணிகளும் மற்ற இரண்டு பக்கங்களுக்கு அடர் துணிகளும் வைப்பது வழக்கம். அப்படித் தைத்த பதினாறு சதுரங்களைத் தரையில் பரப்பி, ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தால், அதே சதுரங்களிலிருந்து ஒருமுறை சாய்வுக் கோடுகளும், இன்னொருமுறை ஒன்றுக்குள் ஒன்றான சாய்சதுரங்களும் எழும்பும். வெளிர் பக்கத்தில் எத்தனை வண்ணங்கள் வேண்டுமானாலும் இருக்கலாம், மஞ்சளும் இளஞ்சிவப்பும் வெளிர்பச்சையும் கலந்திருக்கலாம், வடிவம் கலையாது. ஆனால் வெளிர் பக்கத்தில் ஒரே ஒரு அடர் நீலப் பட்டை புகுந்துவிட்டால் கோடு அங்கே உடைந்துவிடும். உங்கள் மூன்றாவது கேள்விக்கான விடை இதுவே. வடிவத்தைக் கண்ணுக்குக் காட்டுவது ஒளியும் இருளும். வண்ணம் அதன்மேல் ஏறி அமர்கிறது. உங்கள் துண்டுகள் எல்லாம் பளிச்சென்ற நடுத்தர வண்ணங்களாக இருந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். துணி வாங்கும்போது நம் கை இயல்பாகப் போவது அவற்றை நோக்கித்தான். சிவப்பும் பச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எவ்வளவு மாறுபட்டவை என்று தோன்றும். கைப்பேசியில் அதைக் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் இரண்டும் ஒரே சாம்பலாகிவிடும். அந்தப் படத்தில் வடிவம் தெரியவில்லை என்றால் துணியிலும் தெரியாது.

அறுகோணத்தின் உறவினரான 60 பாகைச் சாய்சதுரத்தில் இது இன்னும் அப்பட்டமாகத் தெரியும். மூன்று சாய்சதுரங்களைச் சேர்த்தால் ஓர் அறுகோணம் உருவாகும். ஒன்று வெளிர், ஒன்று நடுத்தரம், ஒன்று அடர் என்று அதே வரிசையில் எல்லாவற்றையும் தைத்தால், அடுக்கிவைத்த கனசதுரப் பெட்டிகளாகத் தட்டைத் துணி எழுந்து நிற்கும். வரிசை தவறினால் அந்தப் பெட்டி மறைந்து வெறும் கட்டங்களாகிவிடும்.

பக்கத்து வண்ணம் ஒரு வண்ணத்தை எப்படி மாற்றும் என்பதைத் துணியோடு தொடர்புள்ள ஒருவரே முதலில் விரிவாக எழுதினார் என்பது இங்கே குறிப்பிடத்தக்கது. பாரிசின் கோப்லென் திரைச்சீலைத் தொழிற்கூடத்தில் சாயப் பிரிவைக் கவனித்துவந்த வேதியியலாளர் ஷெவ்ருல், அங்கே நெய்யப்பட்ட கறுப்பு நூல் மங்கித் தெரிகிறது என்ற புகாரை ஆராய்ந்தபோது, குறை சாயத்தில் இல்லை, அதன் அருகில் நெய்யப்பட்ட வண்ணங்களில் இருக்கிறது என்று கண்டார். அவருடைய ஆய்வு நூலாக வந்தது 1839-இல். அதை ஒட்டுத்துணிக்குப் பெயர்த்துச் சொன்னால், ஒரு துண்டு அழகாக இருக்கிறதா என்று தனியே வைத்து முடிவு செய்யக் கூடாது; அது எதன் அருகில் உட்காரப்போகிறதோ அங்கே வைத்தே பார்க்க வேண்டும். ஒரே சாம்பல் துணி ஆரஞ்சுக்கு அருகில் நீலம் பாய்ந்ததாகவும், நீலத்திற்கு அருகில் வெதுவெதுப்பாகவும் தோன்றும்.

அச்சுத் துணிகளில் பூவின் அளவையும் கலக்க வேண்டும். எல்லாம் ஒரே அளவுள்ள சிறு பூக்களாக இருந்தால் தூரத்திலிருந்து அவை ஒரே மங்கலான பரப்பாகிவிடும். பெரிய வடிவம், சிறு புள்ளி, கோடு, வெறும் ஒற்றை நிறம் என்று கலந்தால் கண்ணுக்கு இடையிடையே இளைப்பாற இடம் கிடைக்கும். வெறும் நிறத் துணிக்கு நான் சற்று அதிக இடம் கொடுப்பவன். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்காவது இருந்தால்தான் மற்றவற்றின் வண்ணம் பேசுகிறது என்பது என் அனுபவம். மஞ்சளைக் கொஞ்சமாகவே தூவுங்கள், அது எங்கிருந்தாலும் கண்ணை முதலில் இழுக்கும்.

துணிகளைப் பொறுத்தவரை, நடுத்தர நெருக்கமுள்ள பருத்தித் துணியே சிறந்தது. பழைய துணியைப் பயன்படுத்துவதில் தவறில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இழை மெலிந்த இடங்களைத் தவிர்த்துவிடுங்கள். பின்னலாடைத் துணியும் வழுக்கும் பட்டும் தம் பின்புறத்தில் ஒட்டும் ஃபியூசிங் இல்லாமல் இந்த அளவுக் கணக்குக்குக் கட்டுப்படாது. வெட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் துவைத்து உலர்த்துங்கள். அடர் சிவப்பும் கருநீலமும் சாயம் விடுகின்றனவா என்று வெள்ளைத் துணியை ஈரமாக்கித் தேய்த்துப் பார்ப்பது நல்லது. துவைத்தபின் லேசாகக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்தால் துணி விறைப்பாகி வெட்டு நேராக விழும். 1979-இல் ஒல்ஃபா என்ற ஜப்பானிய நிறுவனம் ரோட்டரி கட்டரை, அதாவது கைப்பிடியில் சுழலும் வட்டக் கத்தியை, கொண்டுவந்தபின், இந்த வேலையில் கத்தரிக்கோலின் இடம் வெகுவாகக் குறைந்துவிட்டது. அந்தக் கட்டரும், அதற்கான விரிப்பும், தடித்த ஒளிபுகும் அளவுகோலும் இருந்தால் நான்கு அடுக்குத் துணியை ஒரே இழுப்பில் வெட்டலாம். உங்களுக்கு ஏதேனும் ஒரு கருவிக்குச் செலவழிக்க மனமிருந்தால் இதற்குச் செலவழியுங்கள். அதன் கூர்மை ஏமாற்றும். ஒவ்வொரு வெட்டுக்குப் பின்னும் உறையை மூடிவிட வேண்டும்.

கையில் பழக்கம் வந்தபின் முழுக் குயில்ட் ஒன்றைச் செய்ய விரும்பினால், 5 அங்குலச் சதுரங்கள் எண்பதை எட்டுக்குப் பத்து என்று அடுக்குங்கள். தைத்தபின் ஒவ்வொன்றும் நாலரை அங்குலமாகி, மொத்தம் 36-க்கு 45 அங்குலம் வரும். ஒரு சிறு குழந்தைக்கோ மடியில் போர்த்திக்கொள்ளவோ போதும். ஒற்றைப்படை வரிசைகளின் தையல் மடிப்புகளை இடப்புறமும் இரட்டைப்படை வரிசைகளை வலப்புறமும் சாய்த்து இஸ்திரி போட்டால், வரிசைகளை இணைக்கும்போது மூலைகள் ஒன்றுக்குள் ஒன்று கவ்விக்கொள்ளும். இஸ்திரியைத் தேய்க்காமல் தூக்கித் தூக்கி வையுங்கள். அடித்துணியும் பஞ்சு விரிப்பும் ஒவ்வொரு பக்கமும் மூன்று அங்குலம் பெரியதாக, அதாவது 42-க்கு 51 அங்குலமாக இருக்கட்டும்.

மூன்று அடுக்குகளையும் சேர்த்துத் தைக்கும் கட்டத்தில் பலருடைய வேலை சுருங்கிப்போவதற்குக் காரணம், இயந்திரத்தின் பற்கள் அடித்துணியை மட்டுமே தள்ளுவது. மேல்துணி பின்தங்கி, சிறிது சிறிதாகச் சேர்ந்து கடைசியில் கொசுவமாகிவிடுகிறது. தனக்கென்று மேற்பற்களைக் கொண்ட ‘வாக்கிங் ஃபுட்’ என்ற பாதத்தை மாட்டினால் மேலும் கீழும் ஒன்றாக நகரும். அடித்துணியைத் தரையில் விறைப்பாகப் பரப்பி நாடாவால் ஒட்டி, அதன்மேல் பஞ்சையும் மேல்துணியையும் விரித்து, நடுவிலிருந்து தொடங்கி ஒரு கையகலத்திற்கு ஒரு ஊக்கு என்ற கணக்கில் மாட்டுங்கள். தையலும் நடுவிலிருந்துதான் வெளியே போக வேண்டும். எவ்வளவு இடைவெளியில் தைக்கலாம் என்பது பஞ்சு விரிப்பின் உறையிலேயே குறிக்கப்பட்டிருக்கும். அதைவிட அகல விட்டால் துவைத்தபின் பஞ்சு உள்ளே திரளும். இயந்திரத்தில் செய்யத் துணிவில்லையென்றால் தடித்த நூலில் பெரிய ஓட்டுத் தையலாகக் கையாலேயே தைக்கலாம். உண்மையில் சிறிய வேலைகளில் எனக்கு அதுவே பிடிக்கும்.

ஓரம் கட்டுவதற்கு இரண்டரை அங்குலப் பட்டையை நீளவாக்கில் இரண்டாக மடித்து, வெட்டிய ஓரத்தை முன்பக்கம் தைத்து, மடிப்பைப் பின்னால் திருப்பிக் கையால் முடித்துவிடுங்கள். மேற்சொன்ன அளவுக்குச் சுற்றளவு 162 அங்குலம்; மூலைகளுக்கும் இணைப்புகளுக்கும் பன்னிரண்டு சேர்த்தால் 174. 42 அங்குலப் பட்டைகள் ஐந்து வேண்டும். வட்டமான ஓரம் என்றால் மட்டும் பட்டையைக் கிராஸில் வெட்ட வேண்டும். இதுவரை தொல்லை கொடுத்த அதே இழுபடும் குணம் அங்கே வளைவில் படிந்து உதவும்.

பருத்திப் பஞ்சு வைத்த குயில்ட் முதல் துவைப்பில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு வரை சுருங்கி, தையல்களைச் சுற்றி மெல்லிய சுருக்கங்கள் விழும். அதைக் கண்டு கலங்கி இஸ்திரி போட்டு நீக்க முயல வேண்டாம், குயில்ட்டுக்கு அதுவே இயல்பான தோற்றம். சிறு பிசகாக விலகிய ஓரிரு மூலைகளும் அந்தச் சுருக்கங்களுக்குள் மறைந்துவிடும். குளிர்ந்த நீரில் மென்மையாகத் துவைத்து, தொங்கவிடாமல் தட்டையாகப் பரப்பி நிழலில் உலர்த்துங்கள். நனைந்த பஞ்சின் எடை தையல்களை இழுத்துவிடும்.